பால் பூத்த ஹீல்

உடைந்த ஹீலை ஆம்பூர் செருப்புக் கம்பெனி முதலாளி ரஷீத் அஹமது டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். தன் அறை மேஜை மேல் வைத்துப் பிரிக்கும்போது, செத்த பல்லியைக் காட்டுகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுதாம்மா. இது ஒடஞ்சுதான் எங்க சௌமியா மாடிப்படியில உருண்டுச்சு. இடுப்பு எலும்பு முறிஞ்சு வேலூர் ஆஸ்பத்திரில கெடக்குது."

ஹேமலதா இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெண்கள் செருப்பின் உயரமான ஹீல். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டியது, உள்ளே பாலை ஊற்றி அடைத்ததுபோல் வெளுத்திருந்தது. உடைந்த இடத்தில் ஒவ்வொரு துண்டிலும் வழவழப்பான ஒரு சின்னக் குழி.

"இந்தக் குழி?"

"காத்துக் குமிழி. பிளாஸ்டிக் அச்சுல வார்க்கும்போது சில நேரம் விழும். பேஜார் புடிச்ச வேலைம்மா இது."

ஹேமலதாவின் துப்பறியும் அலுவலகம் வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிறது. அதற்கு முன் அவள் கல்லூரியில் பாலிமர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்பவர்களிடம், "மாணவர்கள் தூங்கினாங்க. சந்தேகத்துல இருக்கறவங்க தூங்கறதில்ல" என்பாள். சிரிக்க மாட்டாள்.

அவளுடைய உதவியாளன் தன்சீல் அகமது ஆம்பூர்க்காரன். அறையின் மூலையில் நின்று ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு ஜோடி மணப்பெண் செருப்பு, வார் முழுக்கக் கற்கள்.

"நெஜக் கல்லா சார்?"

"நெஜ வைரம். வளைகுடா நாட்டுல ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். கல்லு அவங்களே குடுத்தாங்க. எங்க சாம்பிள் ரூம் ஜெயப்பிரகாஷ் தன் கையால பதிச்சது."

"கால்ல போட்டுக்கறதுக்கா? எங்க வீட்ல மூக்குக்கே இல்ல."

"தன்சீல்," என்றாள் ஹேமலதா. அவன் வாயை மூடிக்கொண்டான். அதிக நேரம் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

ரஷீத் அஹமதுக்கு இந்த வழக்கு முடிந்துபோன ஒன்று. ஹீல் வார்க்கும் மெஷினை ஓட்டுபவர் கிருபானந்தம். கம்பெனிச் செருப்புகளின் தரத்தைச் சோதிப்பவள் சௌமியா. கிருபானந்தம் வார்த்த ஹீல்களை அவள் ஒருநாள் மொத்தமாக ஒதுக்கித் தள்ளினாள். கேன்டீனில் எல்லோர் எதிரிலும் அவர் கத்தினார்: "ஒருநாள் நீயே இதைப் போட்டு நடந்து பாரு, தெரியும்!" அடுத்த திங்கட்கிழமை அவள் நடந்தாள், விழுந்தாள். அந்த ஜோடி வார்க்கப்பட்ட சனிக்கிழமை மெஷினின் அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக வைக்கப்பட்டிருந்தது. மெஷினின் திரையிலேயே அது பதிவாகியிருந்தது.

"இன்ஸ்பெக்டர் வேதாசலம் சாயங்காலம் வர்றாரு," என்றார் ரஷீத் அஹமது. "வேணும்னே செஞ்சதுன்னு கேஸ் போடப் போறாரு. கிருபானந்தம் சம்சாரம் வந்து அழுததால உங்களை உள்ளே விட்டேன். நல்ல மனுஷன்தான். ஆனா கோவம் ஜாஸ்தி."

கிருபானந்தத்தின் மனைவி ஜெயபுஷ்பம் லாங் பஜாருக்கும் வந்திருந்தாள். அங்கே அழவில்லை. "அவருக்குக் கோவம் வரும் மேடம். பொய் வராது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அது உண்மைதானா என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"ஆமா, பிரஷரை ஏத்தினேன்," என்றார் கிருபானந்தம். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தவரை மெஷின் கூடத்துக்கு வரவழைத்திருந்தார்கள். ஒல்லியான ஆள். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. "அச்சு முழுசா நெறையல. நுனி கொறையா வந்துச்சு. ஏத்தாம இன்னா பண்றது?"

"அதே அழுத்தத்துல இப்ப ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க."

அவர் ரஷீத் அஹமதைப் பார்த்தார். முதலாளி தலையசைத்தார். மெஷின் மூச்சு விட்டு, அச்சு மூடி, திறந்தது. ஒரே காம்பில் இரண்டு மாங்காய் தொங்குவதுபோல் இடது ஹீலும் வலது ஹீலும் ஒன்றாக விழுந்தன. ஹேமலதா எடுத்துப் பார்த்தாள். காம்பு ஒட்டியிருந்த அகலமான பக்கம் லேசாக வெளுத்திருந்தது. கீழே போகப் போக வெண்மை குறைந்து, நுனி தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"பார்த்தீங்களா, வெளுத்திருக்கு!" என்றார் ரஷீத் அஹமது.

"வெளுத்திருக்கு. ஆனா அது மாதிரி இல்ல." உடைந்த ஹீலைப் பக்கத்தில் வைத்தாள். அது மேலிருந்து நுனி வரை ஒரே மாதிரி வெள்ளை.

"வெள்ளைன்னா வெள்ளை மேடம்," என்றான் தன்சீல். "அதுல இன்னா சாதிப் பிரிவினை?"

"நீ கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிருக்கியா?"

"கூப்பிடாததுக்கும் போயிருக்கேன்."

"பிளாஸ்டிக்குள்ள நீள நீளமா சங்கிலிங்க இருக்குது. சூட்டுல தாறுமாறா சுத்திக்கிட்டு இருக்கும். ஆறும்போது வரிசையா ஒக்காரப் பார்க்கும். அப்படி வரிசை கட்டினதுதான் படிகம். படிகம் வளர்ந்தா வெளிச்சம் நேரா போகாம செதறும், அதான் இந்த வெள்ளை. ஒக்கார்றதுக்குள்ள ஆறி இறுகிட்டா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். இப்ப சாப்பாட்டு ஹால் வாசல்ல பின்னாடி இருந்து கூட்டம் நெருக்குது. முன்னாடி நிக்கறவன் இன்னா பண்ணுவான்?"

"கெடைச்ச நாற்காலில ஒக்காருவான்."

"அதுதான் அழுத்தம். அழுத்தம் ஏறினா இன்னும் சூடா இருக்கும்போதே வரிசை கட்ட ஆரம்பிச்சுடும். ஆனா நெருக்கல் வாசல்கிட்டதான் ஜாஸ்தி. கடைசி வரிசைக்குப் போகப் போகக் கம்மி. பிளாஸ்டிக் நுழையற வாசல் இந்தக் காம்பு. அதனால வெள்ளையும் காம்புகிட்ட மட்டும்."

கிருபானந்தம் இரண்டு ஹீல்களையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்கு நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று அவருக்கு இன்னும் புரியவில்லை.

"அப்ப ஒடஞ்சது ஏன் முழுசா வெளுத்துச்சு?" என்றார் ரஷீத் அஹமது.

"அதுல சங்கிலிங்க குட்டை. பெரிய குடும்பம்னா ஒரே வரிசை வேணும்னு நின்னுக்கிட்டே இருப்பாங்க. தனி ஆள் எங்க வேணா சட்டுனு ஒக்காந்துடுவான். வாசல், கடைசி வரிசைன்னு வித்தியாசமே இல்ல, ஹால் நெறஞ்சுடும். பழைய ஹீலை அரைச்சு, ஈரம் போகக் காய வைக்காம திரும்ப உருக்கினா சங்கிலிங்க அறுந்து குட்டையாய்டும். ஒடஞ்சதும் அதனாலதான். நீளமான சங்கிலி பாதி ஒரு வரிசையிலயும் பாதி அடுத்ததுலயும் ஒக்காந்து ரெண்டையும் புடிச்சுக்கும். குட்டைக்கு அவ்வளவு தூரம் எட்டாது."

"நாங்க அரைச்ச பிளாஸ்டிக்கைப் போடறதே இல்ல!" ரஷீத் அஹமது நிமிர்ந்தார்.

"அதே செருப்போட வலது கால் எங்கே?"

அதையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். யாரோ போய் எடுத்து வந்தார்கள். வலது ஹீல் தெளிவாக இருந்தது. காம்பு வெட்டிய இடத்தில் மட்டும் லேசான வெண்மை, சற்று முன் மெஷினிலிருந்து விழுந்ததைப் போலவே.

ஹேமலதா கிருபானந்தத்திடம் திரும்பினாள். "இந்த அச்சுல எப்பவும் ரெண்டு ஹீலும் ஒண்ணாதான் விழுமா?"

"ஒரே அச்சு, ஒரே பிளாஸ்டிக் மேடம். ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. ஒரே கயித்துல கட்டித்தான் மேல அனுப்புவோம்."

"அப்ப ஒண்ணு நல்ல பிளாஸ்டிக்காவும் இன்னொண்ணு அரைச்ச பிளாஸ்டிக்காவும் விழ முடியாது." அவள் உடைந்த துண்டை மேஜையில் வைத்தாள். "இது இந்த மெஷின்ல பொறந்ததே இல்ல. யாரோ தனியா வார்த்து, நல்லதைக் கழட்டிட்டு இதை மாட்டியிருக்காங்க."

கிருபானந்தம் மெஷினை நிறுத்தினார்.

"தனியா வார்க்க எங்க முடியும்?" என்றான் தன்சீல்.

"சாம்பிள் ரூம்ல சின்னதா கை மெஷின் ஒண்ணு இருக்குது," என்றார் கிருபானந்தம் தயங்கி. "அரைக்கிற மெஷினும் அங்கதான். ஜெயப்பிரகாஷ் சார் பார்த்துக்கறாரு."

"அவனா? அவனும் சௌமியாவும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுவாங்க," என்றார் ரஷீத் அஹமது. "அவன் எதுக்கு அந்தப் பொண்ணை விழ வைக்கணும்?"

ஹேமலதா அதைச் சௌமியாவிடமே கேட்க நினைத்தாள். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினாள்.

சௌமியா கட்டிலில் ஆடாமல் படுத்திருந்தாள். வலது உள்ளங்கையில் கட்டு. தலை மட்டும் அவர்கள் பக்கம் திரும்பியது.

"கிருபா அண்ணனைப் புடிக்கப் போறாங்களாமே? அவர் கத்துவாரு. அடுத்த நாள் டீ வாங்கிட்டு வந்து குடுப்பாரு. எல்லாருக்கும் தெரியும். போலீஸுக்கு மட்டும் தெரியல."

"அந்தச் செருப்பை யார் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல. அன்னிக்குக் காலைல என் செருப்பு வார் அறுந்து போச்சு. சாம்பிள் ரூம் ரேக்குல என் சைஸ் ஒண்ணு இருந்துச்சு. நானா எடுத்துப் போட்டுக்கிட்டேன். கீழ எறங்கின பிறகுதான் பார்த்தேன், எடது ஹீல் வெளுத்திருந்துச்சு. பழுதான ஜோடிங்களை ஜெயப்பிரகாஷ்தான் டெஸ்ட்டுக்குச் சென்னைக்கு எடுத்துட்டுப் போவான். அந்த ஜோடியோன்னு கேக்கத் திரும்பி மாடி ஏறினேன். மேல் படியில டப்புன்னு சத்தம்."

தன்சீல் ஹேமலதாவைப் பார்த்தான். அவளை விழ வைக்க யாரும் திட்டமிடவில்லை. அவள் போட்டுக்கொள்வாள் என்பதே யாருக்கும் தெரியாது.

"மொதல்ல ஓடி வந்தது யாரு?"

"ஜெயப்பிரகாஷ்."

"தூக்கினாரா?"

 சௌமியா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"மொதல்ல இல்ல. முட்டி போட்டுப் படியெல்லாம் கையால தடவினான். 'வலிக்குதுடா'ன்னு சொன்னேன். 'இரு, கண்ணாடிச் சில்லு கெடக்குது, குத்திடும்'னான். அங்க எந்தக் கண்ணாடியும் ஒடையல மேடம். இடுப்பு ஒடஞ்சப்பகூட நான் அழல. அதை நினைச்சாத்தான்..." 

கட்டிலருகே மருந்து மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் ஜெமி தலைநிமிர்ந்தாள். "கண்ணாடி இருந்துச்சே. உங்க உள்ளங்கையில இருந்து எடுத்தோமே. போலீஸ் கேஸ் ஆகலாம்னு குப்பில போட்டு வச்சிருக்கோம்."

குப்பி வந்தது. அடியில் ஒரு சின்னச் சில்லு. ஜெமி அதை இடுக்கியால் பிடித்துக் காட்டினாள். ஹேமலதா முதலில் தன் கைக்கடிகாரக் கண்ணாடி மேல் வாயால் ஊதினாள். ஆவி படிந்து, மெல்ல மறைந்தது. பிறகு சில்லின் மேல் ஊதினாள். படிந்த ஆவி அதே கணத்தில் காணாமல் போனது.

"இன்னா மேடம், இதுக்கு மட்டும் வேர்க்காதா?"

"வைரம். சூட்டை ஒடனே பரப்பிடும். ஆவி தங்காது."

 கார் ஏறிய பிறகுதான் தன்சீலின் வாய் திறந்தது. "அந்தக் குழி காத்துக் குமிழி இல்ல. வைரம் வைக்கறதுக்கு விட்ட எடம். கண்ணாடி ஹீல்ல வச்சா வெளிய தெரியும்னு..."

"காலைல இருந்து நாம கேட்டது ஹீல் எப்படி வெளுத்துச்சுன்னு. யாருக்கு அது வெளுக்கணும்னு கேக்கல."

"கறுப்பு ஹீல்ல வச்சிருந்தா வேலை சுளுவு இல்ல?"

"கேட்ல ஒவ்வொரு செருப்பையும் திருப்பிப் பார்ப்பாங்க. கண்ணாடி ஹீல் ஆர்டர் நடக்கும்போது கறுப்பு ஹீல் வெளிய போனா ஏன்னு கேப்பாங்க. பழுதான ஹீலை யாரும் உத்துப் பார்க்க மாட்டாங்க. சீக்கிரம் எடுத்துட்டுப் போனா போதும்னு இருக்கும்."

அவர்கள் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் வேதாசலம் ரஷீத் அஹமதின் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிருபானந்தம் சுவரோரம் நின்றிருந்தார். ஹேமலதா கேட்டுக்கொண்டதால் ஜெயப்பிரகாஷையும் கூப்பிட்டிருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை, தூங்காத கண்கள்.

"அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்சம் தொறங்க," என்றாள் ஹேமலதா.

"மேடம், ஹீலைப் பத்தி பேச வந்தோம்," என்றார் வேதாசலம்.

"அதைத்தான் பேசறேன் சார்."

மணப்பெண் செருப்பின் ஒரு வார் மேல் மெதுவாக ஊதினாள். முன்பக்கக் கற்கள் பளிச்சென்று இருந்தன. பக்கக் கற்களின் மேல் ஆவி பூத்து நின்றது. ரஷீத் அஹமது குனிந்து தானும் ஒருமுறை ஊதிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"யா அல்லா. இது கண்ணாடியா?"

"ஓரத்துல இருக்கறது எல்லாம் கண்ணாடி."

"கல்லு குடுத்த வீட்டுக்காரங்களே ஏமாத்தியிருக்கலாம்," என்றான் ஜெயப்பிரகாஷ். குரல் ஏறவில்லை. "எங்கிட்ட வந்ததைத்தான் பதிச்சேன்."

"இருக்கலாம். உங்க ரூமைப் பார்க்கலாமா?"

சாம்பிள் அறை சுத்தமாக இருந்தது. அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே சர்க்கரை போலப் பிளாஸ்டிக் குருணை. ஹேமலதா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு ஜாடியிலும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் கிடந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. அதை எடுத்தாள்.

"நல்ல பழக்கம். ஈரம் பட்டா சங்கிலி அறுந்துடும்னு தெரிஞ்ச ஆளு நீங்க. இதுல ஏன் பொட்டலம் போடல?"

"மறந்திருப்பேன்."

"இல்ல. இதை உருக்கற எண்ணமே உங்களுக்கு இல்ல."

அவள் ஜாடியைக் குலுக்கினாள். சமையலறையில் பருப்பு டப்பாவைக் குலுக்குவது போலத்தான். குருணை மேலே எழும்பியது; சின்னக் கனமான கற்கள் இடுக்குகளில் இறங்கி அடியில் சேர்ந்தன. ஜாடியை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். அடியில் பட்ட வெயில் சிதறிக் கூரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

வேதாசலம் டீ கிளாஸைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். இப்போது அதை எங்கே வைப்பது என்று தேடினார். தன்சீல் வாங்கிக்கொண்டான்.

"இந்தத் தடவை கல்லை ஹீல்ல வச்சுச் சென்னைக்கு எடுத்துட்டுப் போறதுக்குள்ள அந்தப் பொண்ணு போட்டுக்கிச்சு," என்றாள் ஹேமலதா. "சிதறினதைப் பொறுக்கினீங்க. ஒண்ணு மட்டும் அவ உள்ளங்கையில ஏறிடுச்சு. அதை ஆஸ்பத்திரில எடுத்து வச்சிருக்காங்க."

ஜெயப்பிரகாஷ் எதையும் மறுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவ திரும்ப நடப்பாளா மேடம்?" என்றான்.

"அதை அன்னிக்குப் படியில கேட்டிருக்கணும்."

 வேதாசலத்தின் ஆட்கள் அவனைக் கூட்டிப்போகும்போது, மாடிப்படியின் மேல் படியில் ஒருகணம் நின்றான். பிறகு சுவரோரமாக இறங்கினான்.

ரஷீத் அஹமது கிருபானந்தத்தின் முன்னால் வந்து நின்றார். அவர் பெரிய முதலாளி. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைச்சுட்டேன் கிருபா. நாளைக்கே வேலைக்கு வந்துடு."

"வர்றேன் சார். ஆனா ஒண்ணு." கிருபானந்தம் தரையைப் பார்த்துச் சொன்னார். "கேக்காம செருப்பை எடுத்துச்சுன்னு சௌமியாவை வேலையை விட்டுத் தூக்கப் போறீங்கன்னு பேசிக்கறாங்க. அது வேணாம். எழுந்து வர்ற வரைக்கும் அந்த எடத்துல வேற யாரையும் போடக் கூடாது. நான் வார்க்கறதை வேணாம்னு சொல்றதுக்கு அந்தப் பொண்ணுதான் சரி."

 ரஷீத் அஹமது போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டார். சௌமியா எடுத்ததும், "இந்தா, நீயே சொல்லு," என்று கிருபானந்தத்தின் கையில் திணித்தார்.

கிருபானந்தம் போனைக் காதில் வைத்துக்கொண்டு விழித்தார். அன்றைக்குப் பூராவும் போலீஸுக்குச் சொல்லத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் இதற்கு உதவவில்லை.

"சாப்ட்டியாம்மா?" என்றார்.

அந்தப் பக்கம் சௌமியா சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. "அண்ணா, சிரிக்க வைக்காதீங்க. இடுப்பு வலிக்குது."